பருந்து எப்போது எழும்பும்? வாசகர் கேள்வி பதில்

வேட்டைப் பறவைகள் பறக்கும்போதும் பாயும்போதும் படமெடுப்பது பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற கேள்விதான். அதற்கும் பதில் உண்டு, ஆனால் பறவையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முதல் இடம்.

கேள்வி: கிளையில் உட்கார்ந்திருக்கும் பருந்துப் படம் என்னிடம் ஏராளமாக இருக்கிறது. எழும்பும் படம் மட்டும் சிக்குவதே இல்லை. கேமராவைக் கொஞ்சம் இறக்கினால் போதும், போய்விடுகிறது. பிடித்தாலும் வாலும் காலும்தான் ஃப்ரேமில் இருக்கின்றன.

பதில்: பருந்து சொல்லாமல் போவதில்லை. கிளம்புவதற்கு முன் வரிசையாகப் பல வேலைகள் செய்கிறது, அந்த நேரத்தில் நாம் பின்திரையில் போன படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் காலைப் பாருங்கள். ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் அது ஓய்வில் இருக்கிறது, நீங்களும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம். அடுத்து கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம். அங்கே ஒரு பை மாதிரி உப்பியிருந்தால் தீனிப்பை நிறைந்திருக்கிறது, சற்றுமுன்தான் சாப்பிட்டிருக்கிறது, அப்படிப்பட்ட பறவை வெகுநேரம் அசையாமல் இருக்கும். அதன் முன்னால் காத்திருப்பதைவிட வேறு பறவையைத் தேடுவது மேல்.

இழுத்து வைத்த காலை இறக்கிவிட்டதா, இனி கண்ணை எடுக்காதீர்கள். இறகையெல்லாம் உப்பவைத்து உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும். வாலைத் தூக்கி எச்சமிடும். இந்த இரண்டும் நடந்தால் உடனே பறக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பறக்கிறது. அப்புறம் இறகு உடம்போடு ஒட்டிக்கொண்டு பறவை திடீரென்று ஒல்லியாகத் தெரியும், ஒரே திசையை வெறித்துப் பார்த்தபடி தலையை மேலும் கீழும் அசைக்கும். இரை எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. அதோடு முன்னால் குனிந்து கால் மடங்கினால் பட்டனை அழுத்திவிடுங்கள், சிறகு விரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண் பார்த்ததை விரல் செய்து முடிக்கவே கிட்டத்தட்ட கால் நொடி ஆகிவிடும், அதற்குள் பருந்து கிளையை விட்டிருக்கும்.

வாலும் காலும் மட்டும் கிடைப்பதற்குக் காரணம் வேறு, நீங்கள் நிற்கும் இடம். எல்லாப் பறவைகளும் எதிர்காற்றில்தான் எழும்ப விரும்பும், உடம்பு கனமான கழுகும் பருந்தும் இன்னும் கண்டிப்பாக. ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கி எழும்பும், முகத்தில் பட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமே இருந்தால் அதைவிட நல்ல நிலை கிடையாது. உங்கள் நிழல் பறவை இருக்கும் திசையில் விழுகிறதா என்று தரையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

இன்னொன்று, ஜூமைக் குறையுங்கள். உட்கார்ந்த பருந்து ஃப்ரேமை நிறைத்து இருந்தால் விரித்த சிறகு எங்கே போகும்? எழும்பும் திசையில் மட்டுமல்ல, கீழேயும் இடம் விடுங்கள், உயரத்திலிருந்து கிளம்பும் பெரிய பறவை முதலில் கொஞ்சம் கீழே விழுந்து வேகம் எடுத்துக்கொண்டுதான் மேலேறும். பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தாலே கடந்துபோன அரை நொடி, ஒரு நொடியைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி இப்போது பல கேமராக்களில் வந்துவிட்டது. ஒலிம்பஸ் 2016லேயே கொண்டு வந்தது, நிக்கான் இசட் 9 கேமராவுக்கு 2022ல் மென்பொருள் மேம்பாடாக வந்தது. உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். சிலவற்றில் இந்த முறையில் ரா கோப்பு (பிறகு வெளிச்சத்தைத் திருத்த வசதியான மூலக் கோப்பு) கிடைக்காது, ஜேபெக் மட்டும்தான், அதனால் வெளிச்ச அளவை முன்கூட்டியே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 1/500 ஷட்டர் வேகம் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குச் சிறகு எப்போதும் கலங்கலாகவே வருகிறது. சரியான செட்டிங்கைச் சொல்லுங்கள். வானத்தில் பறந்தால் பறவை கறுப்பாகப் போய்விடுவதற்கும் வழி வேண்டும்.

பதில்: ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பருந்து, 1/500 நொடியில் 2 செ.மீ. நகர்ந்துவிடும். கண்ணே அதைவிடச் சின்னது. 1/2000ல் அது 5 மி.மீ., 1/3200ல் சுமார் 3 மி.மீ. நீங்கள் கேமராவையும் கூடவே திருப்பிக்கொண்டு போவதால் உடம்பின் நகர்வு பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் சிறகு நுனி தனக்கென்று மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு நீங்கள் ஈடுகொடுக்க முடியாது. அதனால் சிறகடித்துப் பறக்கும்போது 1/2000க்குக் குறையாமல், பாயும்போதும் சண்டை போடும்போதும் 1/3200 அல்லது 1/4000. சிறகை அசைக்காமல் வெப்பக் காற்றில் வட்டமிடும் பறவைக்கு 1/1000 தாராளமாகப் போதும். உங்கள் நண்பர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 5.6, ஷட்டர் 1/3200 என்று வைத்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். காலை இளவெயிலில் ஐஎஸ்ஓ 1600 வரை போக வேண்டியிருக்கும், போங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தால் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கலங்கிப்போன கண்ணை எதுவும் மீட்காது.

வானத்தில் பறவை கறுத்துப்போவது கேமராவின் அளவீட்டால் வருவது. வெள்ளை வானத்தைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவெடுத்துக் குறைத்துவிடுகிறது, எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தை, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டினால் அடிச்சிறகு தெரியும். ஆனால் அதே செம்பருந்து சரேலென்று இறங்கி இருட்டான மரங்களுக்கு முன்னால் போனால் அந்தக் கூட்டலே எமன், வெள்ளைத் தலை முழுக்க வெளுத்து இறகு ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே வெயில் மாறாமல் அடிக்கும் நாளில் முழு மேனுவலில், ஐஎஸ்ஓவையும் கையால் வைத்துவிட்டு, பறவையின் தலை வெளுக்காத அளவுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். பறவை மேல் விழும் வெயில் ஒன்றுதான், பின்னணி எதுவாக இருந்தால் என்ன? மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ.

கேள்வி: வானத்தில் இருக்கும்வரை ஃபோகஸ் பிடிக்கிறது. மரங்களுக்கு முன்னால் இறங்கியதும் மரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேட்டை நடப்பதே அங்கேதான்!

பதில்: பறவையின் கண்ணை அடையாளம் காணும் ஃபோகஸ் 2020, 2021 வாக்கில் வந்த கேமராக்களில் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, அது உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்துவிட்டது. இல்லாதவர்கள் (இருப்பவர்களும்தான்) பழக வேண்டியது, பறவை தூரத்தில் வெறும் வானத்தில் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுவது. கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, அது வளர வளரக் கூடவே வாருங்கள். கிட்டே வந்தபிறகு கேமராவைத் தூக்கினால் 600 மி.மீ. லென்ஸில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாண்டிவிடும்.

ஃபோகஸ் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். தூரத்தில் வரும்போது விட்டுவிட்டு அழுத்துங்கள், நெருங்கியபின் தொடர்ந்து. மெனுவில் குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் அதற்குத் தாவ வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை மந்தமாக வையுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால் கிட்டப் பக்கத்தை வெட்டிவிடுங்கள், ஒருமுறை தவறினால் லென்ஸ் மூன்று மீட்டருக்கும் முடிவிலிக்கும் இடையே போய்த் திரும்பும் அந்த நேரம் மிச்சம். புள்ளியை ஒற்றையாக வைக்காமல் சின்னக் குழுவாக வையுங்கள். இவ்வளவுக்கும் பிறகு உடம்பு இருக்கிறது. காலை அகட்டி, பறவை எங்கே போய் முடியும் என்று நினைக்கிறீர்களோ அந்தப் பக்கம் பாதத்தைத் திருப்பி நின்றுகொண்டு, இடுப்பிலிருந்து திரும்புங்கள். தோளை மட்டும் திருப்பினால் பாதியில் இடிக்கும்.

சிறகு நுனி ஃபோகஸில் இல்லையே என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். முழு அளவு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் 600 மி.மீ., எஃப் 6.3, 20 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் 40 செ.மீ. சொச்சம்தான். சிறகு விரித்த பருந்தின் அகலம் ஒரு மீட்டருக்கு மேல். கண் தெளிவாக இருந்தால் போதும், நுனியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழகுவதற்கு எந்தப் பறவையில் தொடங்கலாம்? பொரி வல்லூறு பாய்வதை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பதில்: ஆசை இருக்கட்டும், ஆனால் அதில் தொடங்காதீர்கள். பொரி வல்லூறு மேலிருந்து விழும்போது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுகிறது. 300 என்றே வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 83 மீட்டர், 1/4000 நொடியில்கூட 2 செ.மீ. நகர்ந்துவிடும், அதைவிடச் சிரமம் நம் கை அந்த வேகத்துக்குத் திரும்பாது. அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பாய்ச்சலை எடுப்பதில்லை, பாய்வதற்கு முன் சிறகைச் சுருக்கும் அந்த ஒரு நொடியையோ, இரையோடு திரும்பி வருவதையோ எடுக்கிறார்கள்.

தொடங்குவதற்குச் செம்பருந்தும் கரும்பருந்தும்தான் சரி. பெரியவை, மெதுவாகப் பறப்பவை, நீர்நிலை ஓரங்களில் திரும்பத் திரும்ப அதே பாதையில் வருபவை. தண்ணீரில் மிதக்கும் மீனைக் காலால் அள்ளிக்கொண்டு போய், தரையிறங்காமலேயே காலை முன்னால் நீட்டித் தலையைக் குனிந்து கொத்தித் தின்னும். பறந்துகொண்டே சாப்பிடும் அந்தப் படம் எடுக்கக் கடினமில்லை, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அப்புறம் பூனைப்பருந்து. புல்வெளிக்கு மேல் ஆளுயரத்தில் சிறகை 'வி' போலத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கோடு போட்டதுபோலப் போகும், முனை வந்ததும் திரும்பி அடுத்த கோடு. ஒரு மணி நேரம் படமே எடுக்காமல் பார்த்தால் எந்த வரப்பில், எந்தப் புதர் ஓரத்தில் திரும்புகிறது என்று பிடிபட்டுவிடும், அங்கே போய்த் தாழ உட்கார்ந்துகொள்ளுங்கள். அதன் கண் உயரத்துக்கு உங்கள் லென்ஸ் இருக்கும் வாய்ப்பு மற்ற வேட்டைப் பறவைகளில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. கருந்தோள் பருந்து இன்னொரு நல்ல ஆசிரியர். ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும், உடம்பும் சிறகும் வாலும் காற்றுக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கத் தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் நிற்கும், அப்புறம் காலைத் தொங்கவிட்டு, சிறகை மேலே தூக்கிக்கொண்டு படிப்படியாக இறங்கும். கால் தொங்குகிறதா என்பதுதான் அறிகுறி.

இவையெல்லாம் கைவந்த பிறகு விராலடிப்பான். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கும் பறவை என்பதால் உங்களுக்கும் எங்காவது வாய்க்கும். மீனைக் கண்டதும் மேலே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு விழும், தண்ணீரைத் தொடும் கடைசி நொடியில் காலை முன்னால் வீசித் தலைக்கு முன் கொண்டுவந்துவிடும், அதனால் முதலில் உள்ளே போவது நகம். வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ள முடியும், பாதத்தின் அடியில் முள் மாதிரிச் சொரசொரப்பு, வழுக்கும் மீன் அதில் மாட்டிக்கொள்கிறது. எல்லோரும் அது தண்ணீரில் விழும் நொடியையே குறிவைக்கிறார்கள், அது பெரும்பாலும் வெறும் நீர்ச்சிதறலாகத்தான் இருக்கும். நான் சொல்வது, அதற்குப் பிறகும் விரலை எடுக்காதீர்கள். சிறகை விரித்துத் தண்ணீர் மேல் ஒரு கணம் கிடக்கும், பிறகு முழு பலத்தோடு அடித்து எழும்பும், சில மீட்டர் மேலே வந்ததும் பறந்தபடியே தலையிலிருந்து வால்வரை உடம்பை முறுக்கி உதறும், நீர்த்துளி வட்டமாகச் சிதறும். அதற்கும் பிறகு மீனை ஒரு காலுக்குப் பின் ஒரு கால் என்று வைத்து, மீனின் தலை முன்பக்கம் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளும், காற்றின் தடை குறையும் என்பதற்காக. இந்த உதறலும் திருப்பலும்தான் எனக்குப் பிடித்த படங்கள்.

கேள்வி: பாயும் படத்தில் கண் பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. பறவைக்கு நோயா?

பதில்: இல்லை. பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, கண்ணின் மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து குறுக்கே மூடும் மெல்லிய சவ்வு. தண்ணீரில் விழும்போதும் இரையோடு மோதும்போதும் கண்ணைக் காப்பதற்காக மூடிக்கொள்ளும், சாதாரணமாகக் கண் சிமிட்டவும் அதுதான். உங்கள் கேமரா சரியாக அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறது. அதே வரிசையில் முந்தைய படத்தையும் அடுத்ததையும் பாருங்கள், கண் தெளிவாக இருக்கும். வெள்ளைக் கண் படத்தையும் அழிக்காதீர்கள், மூன்றாவது இமை தெளிவாகத் தெரியும் படம் பாடம் நடத்துகிறவர்களுக்கு மிகவும் உதவும்.

கேள்வி: எங்களை அழைத்துப் போனவர் உயிருள்ள எலியைத் தரையில் விட்டு ஆந்தையை வரவழைத்தார். படங்கள் அருமையாக வந்தன. குழுவில் ஒருவர் மட்டும் இது தவறு என்று சண்டை பிடித்தார். உங்கள் கருத்து?

பதில்: சண்டை பிடித்தவர் சொன்னது சரி. அந்த ஆந்தைக்கு மனிதனும் வாகனமும் சாப்பாட்டு மணி ஆகிவிடுகிறது. சாலையோரத்தில் எலி விட்டால் சாலைக்குக் குறுக்கே தாழப் பறக்கும், அடுத்து வரும் வாகனம் படமெடுக்க வருவதில்லை. மனிதனைக் கண்டு அஞ்சாத வேட்டைப் பறவை, அதைப் பிடிக்க நினைப்பவனுக்கும் அஞ்சாது. கடையில் வாங்கிய எலி நோயையும் கொண்டு போகலாம். இவ்வளவையும் ஒதுக்கி வைத்தால்கூட, அந்தப் படத்தில் இருப்பது வேட்டை இல்லை. ஆந்தை எங்கே பார்க்கும், எப்போது வரும், எந்தத் தரையில் இறங்கும் என்று எல்லாவற்றையும் ஒரு மனிதன் தீர்மானித்திருக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள், கண் நேராக லென்ஸை நோக்கி, ஒரே உயரம், ஒரே கோணம், பின்னணி சுத்தம், பத்துப் பேர் எடுத்தாலும் அதே படம்.

வன உயிரினப் புகைப்படப் போட்டிகளில் மதிப்புள்ளவை உயிருள்ள இரையை வைத்து எடுத்த படத்தை ஏற்பதில்லை. 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் 2009ல் வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படம் முதல் பரிசு வாங்கி, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால் 2010 தொடக்கத்தில் பரிசு பறிக்கப்பட்டது. படம் அழகாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை, காட்டில் நடந்ததாகச் சொன்னது காட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் கேட்கிறார், மீனவர்கள் வீசும் மீன்கழிவுக்குப் பருந்துகள் வருகின்றனவே, அதை எடுக்கலாமா? எடுக்கலாம். நீங்கள் இல்லாவிட்டாலும் தினமும் நடப்பது அது. படத்துக்குக் கீழே அப்படியே எழுதிவிடுங்கள். பழக்கப்படுத்திய பறவையைப் பறக்கவிட்டுக் காட்டும் இடத்தில் எடுத்தாலும் அதையும் எழுதுங்கள், மறைத்தால்தான் பிரச்சினை. ட்ரோன் மட்டும் வேண்டவே வேண்டாம். கழுகுகள் அதைத் தங்கள் எல்லைக்குள் வந்த எதிரியாக எடுத்துக்கொண்டு தாக்கும், அந்த இறக்கை விசிறியில் விரல் போனால் அந்தப் பறவையால் அப்புறம் இரை பிடிக்க முடியாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்): வீட்டுக்கு அருகே ஒரு பெரிய மரத்தில் பருந்து கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் எடுக்க ஆசை. எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: கூட்டை நோக்கி நெருங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில், கொஞ்சம் விளக்குகிறேன். நீங்கள் போனதும் தாய் எழும்பிவிட்டால் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் வெயிலில் கிடக்கும், குளிரிலும் அப்படியே. காகங்கள் இதற்காகவே பார்த்துக்கொண்டிருக்கும். பருந்து எழும்பாமல் இருந்தால் பிரச்சினை இல்லை என்றும் நினைக்காதீர்கள். காலில் இரையை வைத்துக்கொண்டு பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்து, கூட்டுக்குப் போகாமல், விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் அது உங்களால்தான். உடனே பின்வாங்குங்கள், அது கூட்டுக்குள் போகும்வரை பின்வாங்கிக்கொண்டே இருங்கள். வீட்டு மாடி ஜன்னலிலிருந்து, அது ஏற்கெனவே பழகிய தூரத்தில், அதன் நடத்தை மாறாமல் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972ல் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியலில் உள்ள பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்தால் குற்றம், படமெடுக்கவே தனி உரிமம் வேண்டும். பறவைகளும் சும்மா இருக்காது. பிரிட்டனின் பெயர்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங் 1937ல் ஓர் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்கப் போன இடத்தில் ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். தன் குஞ்சைக் காக்கும் ஆந்தையின் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

கூட்டை விட்டுவிட்டு, குஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகு போங்கள். இளம் பருந்துகள் குச்சியை மேலே கொண்டுபோய்ப் போட்டுப் பிடித்து விளையாடும், ஒன்றையொன்று துரத்தும், பெற்றோரிடம் இரை கேட்டுக் கத்திக்கொண்டே பின்னால் பறக்கும். நீங்கள் கேட்ட ஊட்டும் படத்தைவிட அதில் அசைவு அதிகம், யாருக்கும் கெடுதலும் இல்லை. வாகனத்துக்குள்ளேயே இருந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னலில் ஒரு பயறு மூட்டையை வைத்து லென்ஸைத் தாங்கிக்கொண்டால் அவை உங்களைப் பொருட்படுத்தவே மாட்டா. நடந்து போவதானால் நேராகப் போகாமல் சாய்வாக, நின்று நின்று, முறைத்துப் பார்க்காமல் போங்கள்.

கேள்வி: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் சிறகு வளைந்து விசித்திரமாக வருகிறது.

பதில்: சென்சார் படத்தை ஒரே சமயத்தில் பதியாமல் வரி வரியாக மேலிருந்து கீழே படிக்கிறது, படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. வேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் உள்ள கேமராக்களில் இது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும், 2023ல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிகிறது. மற்றதில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். சத்தம் பறவைக்குக் கேட்கும் தூரமென்றால் நீங்கள் இருப்பதும் அதற்குத் தெரியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய கேமராவும் 300 மி.மீ. லென்ஸும்தான். இதை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குவதில் பொருள் இருக்கிறதா?

பதில்: 1882ல் பிரான்சில் எத்தியென்-ழூல் மரே துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்து, நொடிக்கு 12 படம் வீதம் பறக்கும் பறவைகளை எடுத்தார். சிறகு எப்படி மேலேறி இறங்குகிறது என்பதை அந்தச் சின்னச் சின்ன நிழலுருவங்கள் காட்டின. உங்கள் கேமரா அதைவிட எவ்வளவோ மேல். 300 மி.மீ.க்கு ஏற்ற படத்தை எடுங்கள். பருந்து ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்கு, மீதி அது வாழும் இடம். ஏரி, பாறை முகடு, அதைத் துரத்தும் கரிச்சான் என்று. காகங்களும் கரிச்சான்களும் ஒன்றுகூடிக் கத்தினால் அங்கே ஏதோ ஒரு வேட்டைப் பறவை இருக்கிறது, அந்தச் சத்தத்தை நோக்கிப் போங்கள். துரத்தும் சின்னப் பறவையும் திரும்பிப் பார்க்கும் பெரிய பறவையும் ஒரே ஃப்ரேமில் வர 300தான் வசதி, 600ல் ஒன்று வெட்டுப்படும்.

வலசை வழிகளுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. மெக்சிகோவின் வேராகுரூஸ் வழியாக ஒரு இலையுதிர் காலத்தில் 40 லட்சத்துக்கும் மேல் வேட்டைப் பறவைகள் கடக்கின்றன, ஜார்ஜியாவின் பட்டூமியில் 10 லட்சத்துக்கும் மேல். வெப்பக் காற்றில் ஆயிரக்கணக்கில் சுழன்று ஏறும் அந்தக் காட்சிக்கு நீண்ட லென்ஸ் பயன்படாது.

படத்தின் தரம் ஒன்றே எல்லாம் இல்லை என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டில் வலசை போகும் பருந்துகளையும் வல்லூறுகளையும் வேடிக்கைக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பவ் அங்கே போய், செத்த பறவைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிப் படமெடுத்தார். அந்தப் படங்களைக் கண்ட ரோசலி எட்ஜ் 1934ல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துச் சரணாலயம் ஆக்கினார், அதுதான் ஹாக் மவுண்டன். நம் காலத்தில் 2012ல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகள் வலையில் கொத்துக் கொத்தாகச் சிக்கித் தொங்கிய படங்களும் காணொளியும் வெளிவந்தன. ஊர் மக்கள் முன்வந்து அடுத்த ஆண்டே வலை விரிப்பதை நிறுத்தினார்கள். அந்தப் படங்களில் எதற்கும் விலையுயர்ந்த லென்ஸ் தேவைப்படவில்லை.

கேள்வி: நடுப்பகலில் எவ்வளவு வேகமாக எடுத்தாலும் தெளிவு இல்லை. லென்ஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது, லென்ஸ் நீளமாக நீளமாக அதையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. ஷட்டர் வேகத்தால் தீராது. தூரத்தைக் குறையுங்கள், அல்லது தரையை ஒட்டி எடுக்காமல் தலைக்கு மேல் வட்டமிடுபவற்றை எடுங்கள். காலையில் தரை சூடாகும் முன் பெரிய பருந்துகள் கிளையில் காத்திருக்கும், வெப்பக் காற்று எழும்பத் தொடங்கும் நேரத்தில்தான் கிளம்பும். கானல் வலுக்கும் முன் அந்த இடைவெளியில் உங்கள் வேலை முடிந்துவிட வேண்டும்.

கேள்வி: எடுத்த விராலடிப்பான் படத்தைப் பெரிதாக்கினால் காலில் நிற வளையமும் அதில் ஏதோ எழுத்தும் தெரிகின்றன. யாராவது வளர்த்ததா?

பதில்: வளர்த்தது இல்லை, ஆய்வாளர்கள் போட்ட வளையம். எந்தக் காலில் இருக்கிறது, வளையத்தின் நிறம் என்ன, எழுத்து மேலிருந்து கீழா கீழிருந்து மேலா என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் எடுத்த எல்லாப் படங்களையும் பாருங்கள், கலங்கலானது என்று ஒதுக்கியதில்கூட ஒரு எழுத்து தெளிவாகத் தெரியலாம். உங்கள் நாட்டில் பறவைகளுக்கு வளையமிடும் அமைப்புக்கு அனுப்பினால் எந்த நாட்டில், எந்த ஆண்டில் போட்டது என்று தெரியவரும். வெட்டாத மூலப் படத்தையே அனுப்புங்கள், எடுத்த தேதியும் இடமும் அதோடு போக வேண்டும்.